கோடையும் ஒரு குடத்துத் தண்ணீரும்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதை தொடங்குகின்ற இடத்தில் இருப்பது குப்பனூர். தலைக்கு மேலே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்களும் சில்லென்ற காற்றும் இருப்பதனால், அடிவாரத்துக் குடியானவனுக்குச் சித்திரை வெயிலிலிருந்து யாதொரு விமோசனமும் கிட்டிவிடுவதில்லை. ஆயினும் பங்குனி பிறந்ததும் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் வானத்தைப் பார்ப்பது ஒரே காரணத்துக்காகத்தான்: காப்பி பூப்பதற்கு அவர்களுக்கு ஒரு மழை வேண்டும், கோடை உழவு ஓட்டுவதற்கு இவர்களுக்கு ஒரு மழை வேண்டும்.

அந்த மழை தவறிப்போன வருஷத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள், காய்ந்த வயலைப் பார்ப்பதைவிட அந்த வீட்டுக் கிணற்றடியைப் பார்ப்பது நல்லது. மலையும் அடிவாரமும் கடினமான பாறை பூமி. பாறைக்கு மேலுள்ள உதிர்ந்த மண்ணிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்கியிருக்கும் நீரே கிணற்றுக்கு ஊற்று. பகலெல்லாம் மௌனமாகக் கிடந்து, இரவில் சொட்டுச் சொட்டாக ஊறிய நீரை விடியற்காலையில் மோட்டார் அரைமணி நேரத்தில் உறிஞ்சிவிட, மறுபடியும் ஊறும்வரை காத்திருக்க நேரும் அந்நாட்களில், அந்த அரைமணி நேரத்துத் தண்ணீரை யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுகின்ற பொறுப்பு, பெரும்பாலும் வீட்டில் வயதான ஸ்திரீயிடமே வந்து சேர்கிறது. முதலில் குடிக்கவும் சமைக்கவும், பிறகு கறவை மாட்டுக்கு, அதன் பிறகு வளரும் தென்னங்கன்றுகளுக்கு, மிஞ்சினால் பயிருக்கு. “பயிரு போனா ஒரு வெள்ளாமை போச்சு, மாடு போனா குடும்பமே போச்சு” என்று அம்மாயி சொல்லும்போது, படித்துவிட்டு வந்த பேரனும் எதிர்த்துப் பேசுவதில்லை. பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்கும், அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்கும் போகின்றன. இந்த நுட்பமான நிர்வாகத்தை எந்தக் கணக்கேட்டிலும் எவரும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மாட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? சேலம் ஜில்லாவில் வறட்சிக் காலத்தில் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பால்தான். காடு காய்ந்துகிடந்தாலும் காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகின்ற தூக்குப்பாத்திரமே மளிகைக் கடனையும் பள்ளிக்கூடச் செலவையும் தாங்குகிறது. ஆனால் அந்த மாட்டுக்குத் தீனி? சோளத்தட்டும் கடலைக்கொடியும் மாசிக்குள் தீர்ந்துபோனால், கண்ணில் படுகின்ற பசுமையையெல்லாம் அறுத்துப் போட மனம் துடிக்கும். அதிலும் அபாயம் இருக்கிறது. மழையின்றி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த தட்டையிலிருந்து கிளைக்கும் மறுதாம்பிலும் விஷம் ஏறியிருக்கும் என்பதும், மரவள்ளித் தழையை ஆடு மேய்ந்தால் பிழைப்பது அரிது என்பதும், அனுபவத்தால் அறிந்த பெரியவர்கள் சிறுவர்களுக்கு ஓயாமல் சொல்லும் எச்சரிக்கைகள். விடுமுறையில் மேய்ச்சலுக்குப் போகும் பிள்ளைகள் கற்கின்ற முதல் சாஸ்திரம் இதுவே. அந்த மரவள்ளியோவெனில், வெயில் கடுமையானதும் இலைகளை உதிர்த்துவிட்டு மழை வரும்வரை உயிரை அடக்கிக்கொண்டு நிற்கும் பயிராதலால், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி இந்தப் பக்கத்தில் அதைப் பலரும் நடுவதில் வியப்பில்லை.

பொறுமை இழந்த சிலர் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை வரவழைத்து ஆழ்துளை போடுகிறார்கள். பாறையில் வெடிப்புக் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் வெண்புழுதியும் கடனுமே மிச்சம். வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து மூன்றாவது துளையும் போடும் பிடிவாதத்தை வீரம் என்று புகழ என்னால் முடியாது. பக்கத்துக் கிணற்றின் ஊற்றையும் அது சேர்த்தே குறைக்கிறது.

2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோக, 2017 ஜனவரி 10-ந் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசாங்கம் அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறிவிப்பு மார்கழிக் கடைசியிலேயே வந்தது. கத்திரி வெயிலோ சித்திரைக் கடைசியில்தான் தொடங்கும். இடையிலுள்ள ஏறக்குறைய நான்கு மாதங்களே ஒரு குடும்பத்தின் விதியை நிர்ணயிக்கின்றன. அரசாங்கம் தரும் மானிய விலைத் தீவனம் சித்திரையில் வந்து பயனில்லை; அதற்குள், பங்குனிச் சந்தையில், விற்க வந்த மாடுகள் மிகுந்து வாங்குகிறவர் குறைந்து, பாதி விலைக்குப் பசு கைமாறிவிடும்; ஆடியில் மழை பெய்து புல் முளைத்த பிறகு அதே தரத்துப் பசுவை வாங்க, விற்ற பணம் போதாது. ஆகவே தீவனக் கிடங்குகள் மாசி முடிவதற்குள், பால் சொசைட்டியின் வாசலிலேயே, திறக்கப்படவேண்டும். எந்த வீட்டில் எத்தனை மாடு, எவ்வளவு பால் என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. மனுவும் சான்றிதழும் கேட்டு மாடு வளர்க்கும் பெண்களை வெயிலில் நடக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை.