கணக்குப் பெட்டி ‘டிக்... டிக்’ என்றால்...

2022 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நமது கடைவீதியில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் காலை எட்டு மணிக்கே நம்மைத் தேடி வந்துவிட்டார். முகத்தில் களையே இல்லை. “நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு அண்ணாச்சி. காலையில போட்டா டிஸ்க்கே இல்லைங்குது” என்றார். ஒன்பது வருடத்து லேப்டாப். சுற்று வட்டாரத்து மளிகைக் கடைகள் அவருக்குத் தரவேண்டிய பாக்கி அத்தனையும் அதற்குள் இருந்தது. கைப்பேரேடு எழுதுவதை அவர் நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது.

விசாரித்ததில், ஒரு மாதமாகவே அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பில் போடும்போது அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு ஓடும். கை வைக்கும் இடத்தில் காதை வைத்தால் ‘டிக்... டிக்’ என்று சத்தம். பழுது பார்க்க வந்த பையன், ‘செக் டிஸ்க்’ போட்டால் சரியாகிவிடும் என்று இரவு முழுக்க ஓடவிட்டுப் போயிருக்கிறான். விடிந்தபோது டிஸ்க் அடங்கிவிட்டது. நாமும் முதலில் அந்தப் பையனைத்தான் கடிந்துகொண்டோம். பிறகு யோசித்தால், அவன் செய்த வேலையில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் கணக்கை வெளியே எடுத்திருக்க வேண்டும். பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

நம் உறுப்பினர்களில் பலர் பழைய லேப்டாப்பைத்தான் கல்லா மேஜையில் வைத்திருக்கிறோம். மகன் கல்லூரிக்கு வாங்கியது, மருமகன் கொடுத்தது என்று வந்து சேர்ந்தவை. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்பின் அடியில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் ஹார்டு டிஸ்க். உள்ளே வழவழப்பான தட்டுகள், பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்துகொண்டு போகிறது. அந்த முனை தான் தேடும் தடம் கிடைக்காமல் பின்வாங்கி, மறுபடி பாய்ந்து, மறுபடி பின்வாங்குவதுதான் அந்த ‘டிக்’.

‘செக் டிஸ்க்’கில் பழுதான இடங்களைத் தேடும் முறை ஒன்று உண்டு. அது தட்டின் மூலை முடுக்கு ஒன்று விடாமல் படித்துப் பார்க்கும். நல்ல டிஸ்க்குக்கு அது பரிசோதனை. நோயாளி டிஸ்க்குக்கோ, கால் சுளுக்கிய லோடுமேனிடம் சுளுக்கு எவ்வளவு என்று பார்க்கக் கிடங்கு மூட்டை முழுவதையும் தூக்கச் சொன்ன கதை.

எல்லாம் டிஸ்க் கோளாறு அல்ல

இன்னொரு பக்கமும் உண்டு. லேப்டாப் மெதுவானாலே ‘டிஸ்க் போச்சு’ என்று புது டிஸ்க் விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட்டு, அதில் டேலியும் பத்துப் பக்கம் பிரவுசரும் திறந்தால், ‘டாஸ்க் மேனேஜரில்’ டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். அது பெரும்பாலும் ராம் போதாததால், டிஸ்க்கையே தற்காலிக இடமாகப் பயன்படுத்துவதன் விளைவு. மற்றதையெல்லாம் மூடிவிட்டுப் பாருங்கள். வேகம் திரும்பினால் டிஸ்க் மேல் பழி இல்லை.

ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்து போகிறதா? முதலில் விசிறியைப் பாருங்கள். மாவும் மிளகாய்த் தூளும் பறக்கிற இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் தூள் காற்றுத் துவாரத்தில் கம்பளி போல் படிந்து சூடு ஏற்றிவிடும். (டிஸ்க்கின் மூச்சுத் துளைக்கு உள்ளே வடிகட்டி உண்டு. மாவு அதற்குள் போவதில்லை.) பில்லில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால், அது உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். லேப்டாப் பேட்டரி செத்துப்போய், கரண்டிலேயே ஓடுகிற பெட்டி என்றால், மின்சாரம் போகும் நொடியில் எழுதிக்கொண்டிருந்த கணக்குக் கோப்பு அறுந்துவிடும். டேலி திறக்கவில்லை என்பீர்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கும்.

மெய்யான டிஸ்க் கோளாறு வேறு மாதிரி. ஒரே கோப்பை நகல் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். ஃபோல்டர் பெயர்கள் புரியாத எழுத்தாக மாறும். காலையில் போட்டால் டிஸ்க் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. பெட்டியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் ‘பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்’ என்று வந்தால், அதற்குப் பிறகு நாள் பார்க்க வேண்டியதில்லை.

டிஸ்க் எழுதும் ஏடு

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஏடு ஒன்று உண்டு. ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் பழுது. நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 என்பது படிக்கவே முடியாதவை. கடைப் பாஷையில் சொன்னால், முதலாவது தள்ளுபடி செய்த கடன், இரண்டாவது சந்தேகக் கடன், மூன்றாவது வராக்கடன். மூன்றும் சைபராக இருப்பதே நல்லது. எண்கள் வேறு முறையில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் 10 என்றால் நம் கணக்கில் 16.

சி7 என்ற வரி மட்டும் ஏறுகிறது, மற்ற மூன்றும் சைபர் என்றால், இணைப்பு சரியில்லை என்று பெரும்பாலும் பொருள். கழற்றித் துடைத்து மாட்டினாலே போதும். புது டிஸ்க் வாங்கச் சொன்னால் இந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கூகுள் நிறுவனத்தார் 2007-இல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளைக் கவனித்து ஆய்வு வெளியிட்டார்கள். ஒதுக்கப்பட்ட இடம் முதன்முதலாக ஒன்று தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களில் கெடும் வாய்ப்பு மற்றவற்றைவிட 14 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏட்டில் ஒரு முன்னறிகுறியும் காட்டவில்லை. ஆகவே மஞ்சள் வந்தால் நம்புங்கள். நீலத்தை மட்டும் அரை மனதோடு நம்புங்கள்.

சி டிரைவ், டி டிரைவ் குழப்பம்

“நான்தான் டி டிரைவில் நகல் வைத்திருக்கிறேனே” என்று நம்மிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பழைய லேப்டாப்பில் சி, டி என்பவை பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்த இரண்டு அறைகள். பேரேட்டையும் அதன் நகலையும் ஒரே இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தது போல்தான். நகல் வேறொரு பொருளில் இருக்க வேண்டும். அந்தப் பொருள் ராத்திரி வீட்டுக்கு வர வேண்டும். பென் டிரைவ் இரண்டு வைத்து மாற்றி மாற்றி எடுப்பது நல்லது.

பெட்டி ‘டிக்’ என்று ஆரம்பித்துவிட்டால் முழு டிஸ்க்கையும் நகல் எடுக்கப் போகாதீர்கள். கணக்கு ஃபோல்டர் முதலில், பிறகு பில்கள், போட்டோ, சினிமா எல்லாம் கடைசி. விண்டோஸ் திறக்காவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். அப்போது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கக்கூடும். பதற்றத்தில் ‘சரி’யை அமுக்கிவிடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் ‘டிடி ரெஸ்க்யூ’ தெரியுமா என்று கேளுங்கள். நன்றாக உள்ள பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும் மென்பொருள் அது. தெரியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதற்கும் மசியாத டிஸ்க்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள். மீட்பு வேலைக்கென்றே தூசியில்லா அறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். செலவு லேப்டாப் விலையைத் தாண்டலாம். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்பதை மட்டும் யாரும் முயல வேண்டாம். வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும்.

பாக்கி ஒருபுறம் இருக்கட்டும், வரிக் கணக்கும் இதே பெட்டியில்தான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, அந்தந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023–24 கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 31.12.2024. அதாவது 31.12.2030 வரை அவை நம்மிடம் இருந்தாக வேண்டும். பத்து வயது லேப்டாப்பை நம்பி அத்தனை நாள் விட முடியுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

பருப்பு வியாபாரியின் டிஸ்க் திரும்பவில்லை. அவருடைய லைன் வசூல் ஆள் பழைய பழக்கத்தில் ஒரு சிட்டை நோட்டு எழுதி வந்திருந்தார், அதுதான் கைகொடுத்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவருமாகக் கடை கடையாக ஏறினார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் தங்கள் நோட்டைத் திறந்து, தாங்கள் தரவேண்டியதைத் தாங்களே சொன்னார்கள். அவரிடம் இருந்ததைவிடக் கூடுதலான தொகையை ஒரு சிறு கடைக்காரர் சொன்னதை, அவர் நம்மிடம் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மூன்று கடைகளின் கணக்கு மட்டும் ஒத்துவரவேயில்லை. அவற்றைப் பேசி முடிக்கப் பொங்கல் தாண்டிவிட்டது. இப்போது புது டிஸ்க் போட்டிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி கடை எடுத்து வைத்ததும் பாக்கிப் பட்டியலை அச்செடுத்துக் கல்லாவில் வைக்கிறார். பென் டிரைவை அண்ணியார் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.