506-வது யூனிட்: கரண்ட் பில்லில் அடுத்து மாறப்போவது என்ன?

போன கோடையில் எங்க ரூமுக்கு வந்த கரண்ட் பில்லில் 506 யூனிட்னு இருந்தது. தொகை 2,090 ரூபாய். நாலு பேர் பங்கு போட்டோம், முடிஞ்சது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல ஒருத்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். 500 யூனிட்லயே நின்னிருந்தா பில் 1,805 ரூபாய்தான். ஆக, கடைசி ஆறு யூனிட்டுக்கு மட்டும் 285 ரூபாய் கட்டியிருக்கோம். யூனிட் ஒண்ணுக்கு 47 ரூபாய்க்கு மேல!

மீட்டர்ல கோளாறு எதுவும் இல்ல. ரேட் அட்டவணையே அப்படித்தான் இருக்கு. ரெண்டு மாசத்துல 500 யூனிட் வரைக்கும் ஓட்டுற வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 2024 ஜூலையில வந்த ரேட் இது. 2025 ஜூலையில மறுபடி ஏறினப்போ வீடுகளுக்கான உயர்வை அரசே ஏத்துக்கிச்சு. இதுல 500-ஐத் தாண்டின உடனே அந்த 2.35 ரூபாய் வரிசையே காணாமப் போயிடும். 101-ல இருந்தே 4.70. ஏற்கெனவே எரிச்சு முடிச்ச 100 யூனிட்டுக்கும் சேர்த்து 235 ரூபாய் கூடுது. அதுக்கு மேல 501-ல இருந்து 600 வரை யூனிட்டுக்கு 8.40. கிராஃப் போட்டுப் பாருங்க, 500-க்கும் 501-க்கும் நடுவுல செங்குத்தா ஒரு படி தெரியும்.

இந்தப் படியைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் அடுத்து வரப்போற மாற்றங்களும் புரியும்.

முதல்ல, ரேட்டை யார் வைக்கிறாங்க? மின் வாரியம்னுதான் நாம சொல்லிப் பழகிட்டோம். 2003 மின்சாரச் சட்டப்படி அது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட வேலை. பகிர்மானக் கழகம் மனு போடும், ஆணையம் மக்கள்கிட்ட ஆட்சேபணை கேட்டுட்டு ஆணை போடும். 2022 ஆகஸ்டுல கோவை, மதுரை, சென்னைன்னு மூணு ஊர்ல கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அப்போ ஆணையத்துல சட்டம் படிச்ச உறுப்பினர் இல்லைன்னு நூற்பாலைகள் சங்கம் ஒண்ணு உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்குப் போச்சு. அந்த உறுப்பினரை நியமிக்கிற வரைக்கும் கட்டண ஆணை போடக் கூடாதுன்னு தனி நீதிபதி சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து பண்ணின பிறகுதான் செப்டம்பர் 10 முதல் புது ரேட் வந்தது.

அந்த ஆணை அஞ்சு வருஷத்துக்கானது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசி உயர்வு சதவீதம் அல்லது 6 சதவீதம், இதுல எது கம்மியோ அந்த அளவுக்கு ரேட் கூடும். 2024-ல 4.83, 2025-ல 3.16 சதவீதம்னு வந்தது இந்தக் கணக்குலதான். அஞ்சு வருஷம் 2027 மார்ச்சோட முடியுது. அதுக்கப்புறம் புது ஆணை வேணும். அதாவது மனு, கருத்துக்கேட்பு எல்லாம் முதல்ல இருந்து.

அடுத்தது, நேரத்துக்கு ஒரு ரேட். மத்திய அரசு 2023 ஜூன்ல மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்துச்சு. அதன்படி சூரிய மின்சாரம் கிடைக்கிற எட்டு மணி நேரத்துக்குச் சாதாரண ரேட்டைவிட குறைஞ்சது 20 சதவீதம் கம்மியா இருக்கணும். உச்ச நேரத்துல வீடுகளுக்கு குறைஞ்சது 10 சதவீதம் கூட. தொழிற்சாலை, கடைகளுக்கு 20 சதவீதம். விவசாயத்துக்கு இது கிடையாது. மத்த எல்லாருக்கும் 2025 ஏப்ரலுக்குள்ள வரணும்னு விதி சொல்லுது, ஆனா ஸ்மார்ட் மீட்டர் மாட்டின இடத்துலதான் அமலாகும். தமிழ்நாட்டுல ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் 2024 டிசம்பர்ல ரத்தானதால நம்ம வீடுகளை இது இன்னும் தொடல. உயரழுத்த இணைப்பு வச்சிருக்கிற ஆலைகளுக்கு இது பழைய கதை. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரைக்கும் 25 சதவீதம் கூடுதலா கட்டிட்டுத்தான் இருக்காங்க.

இதுக்குக் காரணம் எளிமையானது. பக்கத்துல கமுதியில 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல இருந்து ஓடுது. அது மாதிரி நிலையங்கள் எல்லாம் உச்சி வெயில்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். சாயங்காலம் ஆறரைக்கு, எல்லா வீட்லயும் லைட்டும் ஃபேனும் போடுற நேரத்துல, சுத்தமா நின்னுடும். அந்த இடைவெளியை அனல் மின்சாரத்தையும் வெளிச்சந்தையில வாங்குற மின்சாரத்தையும் வச்சுத்தான் நிரப்பணும். அது விலை ஜாஸ்தி.

தண்ணி மோட்டாரை எடுத்துக்கோங்க. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்குச் சுமாரா ஒரு யூனிட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். 4.70 ரேட்ல 282 ரூபாய். பகல்ல போட்டா 225.60, உச்ச நேரத்துல போட்டா 310.20. சுவிட்ச் போடுற நேரத்தை மாத்தினா மட்டும் 84 ரூபாய் மிச்சம். பகல்ல ஆள் இருக்கிற வீட்டுக்கு இது லாபம்தான். எங்க ரூமை நினைச்சுப் பாருங்க. பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அயர்ன் பாக்ஸ், லேப்டாப், ஃபேன் எல்லாம் ஓடுறது ராத்திரிதான். வேலைக்குப் போற வீடுகளுக்கும் இதே நிலைமைதான். இந்தத் திட்டத்தைச் சரின்னு சொல்றவங்க இந்த இடத்தை வேகமாத் தாண்டிப் போயிடுறாங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இலவச 100 யூனிட்டை எந்த நேரத்து யூனிட்ல கழிப்பாங்க? பகல்ல எரிச்சதுலயா, ராத்திரி எரிச்சதுலயா? ஸ்லாபையும் நேர ரேட்டையும் ஒண்ணா எப்படிப் போடுறதுன்னு ஆணையம்தான் சொல்லணும்.

மூணாவது, மாசாமாசம் பில். 2021 தேர்தல்ல தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வந்தா ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டியதில்ல, அதனால இது சாத்தியமாகும். மாச பில் வந்தா காசு குறையும்னு எல்லாரும் நம்புறாங்க. நானும் நம்பினேன். கணக்குப் போட்டா வேற மாதிரி வருது.

ஸ்லாபை அப்படியே பாதியா வெட்டுறாங்கன்னு வச்சுக்குவோம்: 50 யூனிட் இலவசம், படி 250-ல. ஏப்ரல்ல 350, மே மாசம் லீவுங்கிறதால 160. மொத்தம் 510. இப்போதைய முறையில 2,124 ரூபாய். மாச பில்லுனா ஏப்ரலுக்கு 1,912.50, மேக்கு 399.50, மொத்தம் 2,312. கிட்டத்தட்ட 190 ரூபாய் கூட! மேல போகப் போக ரேட் ஏறுற அட்டவணையில, ஒரு மாசம் ஜாஸ்தி ஒரு மாசம் கம்மின்னா சராசரி எடுக்கிறதுதான் நமக்கு நல்லது. ரெண்டு மாச பில் அந்த வேலையைத்தான் செய்யுது. அதே நேரம் 255-ம் 246-ம் ஓடின வீட்டுக்கு 2,048 ரூபாய் 1,939 ஆகுது. ரெண்டுல ஒரு மாசமாவது அந்தப் படிக்குக் கீழ தப்பிச்சுக்குது இல்லையா. ரீடிங் 60 நாளுக்கு மேல தள்ளிப்போய் 500-ஐத் தாண்டுற வீட்டுக்கும் நிச்சயமா நிம்மதி.

இது எல்லாத்துக்கும் மேல டெல்லியில ஒரு வரைவு இருக்கு. 2025 அக்டோபர்ல மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, உற்பத்தித் தொழில்கள் மேல விழுற குறுக்கு மானியத்தை அஞ்சு வருஷத்துல ஒழிக்கணும்னு சொல்லுது. ஆலைக்காரர் அடக்கவிலையைவிட கூடக் கொடுக்கிறார், அதுல வீட்டுக்காரர் கம்மியா கொடுக்கிறார், அதுதான் குறுக்கு மானியம். கப்பலூர்ல பட்டறை வச்சிருக்கிறவருக்கு இது நியாயமாப் படும். ஆனா அந்தப் பணம் நின்னா யார் ஈடுகட்டுறது? அரசு மானியம் கூடணும், இல்லைன்னா நம்ம 4.70 கூடணும். மானியம் கொடுக்கிற அரசு முன்கூட்டியே பணத்தைக் கட்டிடணும்னு இப்போதைய சட்டத்தோட 65-வது பிரிவே சொல்லுது. ஏற்கெனவே மானியம் கொடுக்கிற கஜானாவுக்கு இன்னொரு சுமை அது.

2027-க்கான மனு வந்ததும் ஆணையத்தோட இணையதளத்துல போடுவாங்க. யார் வேணாலும் எழுத்துல ஆட்சேபணை அனுப்பலாம், கூட்டத்துலயும் பேசலாம். எங்க ரூம்ல இருந்து ஒண்ணு போகுது. 500-ல இருக்கிற அந்தப் படியை எடுத்துட்டு, 101-ல இருந்து 200 வரைக்குமான 2.35-ஐ எல்லாருக்கும் வைங்க, குறையுற வருமானத்தை 600-க்கு மேல ஓட்டுறவங்க ரேட்ல கொஞ்சம் கூட்டிக்கோங்கன்னு. அது வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் ஒருத்தன் மீட்டர் பார்த்து கதவுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல எழுதி வைக்கிறான். இந்த வாரம் 312.