செனின் பிளாங்: பிரான்ஸ் திராட்சை நாசிக்கில் எப்படி விளைகிறது? எந்தச் சாப்பாட்டுக்கு செட் ஆகும்?

ரெஸ்டாரண்டில் ஒயிட் ஒயின் லிஸ்ட்டைப் பார்த்தால், இந்தியத் தயாரிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ‘செனின் பிளாங்’. இது ஏதோ பிராண்ட் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு திராட்சை ரகத்தின் பெயர்.

எங்கிருந்து வந்தது?

பூர்வீகம் பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இன்று இது அதிகம் பயிராவது தென்னாப்பிரிக்காவில். அங்கே இதை ‘ஸ்டீன்’ என்று அழைத்து வந்தார்கள். இரண்டும் ஒரே ரகம்தான் என்பது 1960களில்தான் உறுதியானது. இந்தியாவில், மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில் சுலா நிறுவனம் 1997-ல் இதை நட்டது. அதன் முதல் ஒயின் 2000-ல் விற்பனைக்கு வந்தது.

இந்த ரகத்தில் என்ன ஸ்பெஷல்?

ஒரே வார்த்தையில் சொன்னால், புளிப்பு. திராட்சை பழுக்கப் பழுக்க சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். வெயில் அதிகமான ஊரில் புளிப்பு இன்னும் வேகமாகக் குறையும். புளிப்பு போய்விட்டால் ஒயிட் ஒயின் சப்பென்று ஆகிவிடும். செனின் பிளாங் இயல்பிலேயே புளிப்பு அதிகமுள்ள ரகம். அதனால்தான் வெப்ப நாடுகளிலும் தாக்குப்பிடிக்கிறது.

நாசிக் விவசாயிகள் என்ன செய்கிறார்கள்?

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். நம் ஊரில் அந்த ஓய்வே கிடையாது. தேனி மாவட்டம் கம்பத்தில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை கிடைக்கக் காரணமும் இதுதான்.

ஆனால் ஒயினுக்கு ஒரு அறுவடை போதும். அதுவும் சரியான நேரத்தில் வேண்டும். அதற்காக நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து. அதன்பின் மழைக்காலம் முழுக்கக் கொடி வளர்கிறது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதற்குப் பிறகுதான் பூவும் காயும். பழம் பழுக்கும்போது பகலில் வெயில், இரவில் குளிர், மழை இல்லை. இந்த இரவுக் குளிர்தான் புளிப்பைக் காப்பாற்றுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை.

ரிஸ்க் எங்கே?

செனின் பிளாங் கொத்தில் பழங்கள் நெருக்கமாக இருக்கும், தோலும் மெல்லியது. அக்டோபரில் மழை நீடித்தால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். அறுவடை நெருங்கும்போது மழை பெய்தால் பழம் வெடித்து, கொத்தே அழுகிவிடும். சாப்பிடும் திராட்சை என்றால் சந்தையில் விற்கலாம், உலர்திராட்சையாவது ஆக்கலாம். சிறிய, விதையுள்ள ஒயின் திராட்சைக்கு அந்த வழி இல்லை. ஒப்பந்தம் போட்ட ஒயின் நிறுவனம் வேண்டாம் என்றால், ஒரு வருட உழைப்பும் வீண்.

எதோடு சாப்பிடலாம்?

இந்திய செனின் பிளாங்கில் பல, லேசான இனிப்புடன் வருபவை. நம் காரத்துக்கு அது நல்ல ஜோடி.

• காரம்: சிக்கன் 65, செட்டிநாடு வறுவல் போன்றவற்றுக்கு லேசான இனிப்புள்ள பாட்டில். இனிப்பு காரத்தைத் தணிக்கும். ஆல்கஹால் அளவு அதிகமான ஒயின் எரிச்சலைக் கூட்டும்.

• எண்ணெய்ப் பலகாரம்: மீன் வறுவல், பஜ்ஜி, பக்கோடாவுக்கு இனிப்பில்லாத ‘ட்ரை’ வகை. புளிப்பு, வாயில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடும்.

• தேங்காய்ப்பால், பனீர்: தாய் கறி, பனீர் டிக்கா இரண்டுக்கும் பொருந்தும்.

• தவிர்க்க வேண்டியது: புளிக்குழம்பு. சாப்பாட்டின் புளிப்பு ஒயினை மிஞ்சினால், ஒயின் தண்ணீர் மாதிரி தோன்றும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு. லுவாரின் சிறந்த பாட்டில்கள் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை இளசாகவே குடிக்கத் தயாரானவை. ஓரிரு ஆண்டுகளுக்குள் திறப்பது நல்லது. கடையில் வெயில் படும் அலமாரியில் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். பரிமாறச் சரியான அளவு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து, குடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். ஐஸ் கட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஐஸ் உருகினால், நாசிக்கில் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய புளிப்பு கிளாஸிலேயே நீர்த்துப் போகும்.