மூட்டு புதிது, பழக்கம் பழையது

உம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்து ஆறு மாதங்கள். வலி போய்விட்டது. ஆனாலும் நாள் முழுக்கக் கதிரையிலேயே இருந்தார். பிழை எங்களுடையது. "எழும்ப வேணாம் உம்மா" என்று தண்ணீரைக்கூடக் கையில் கொடுத்தோம்.

சத்திரசிகிச்சை வலியைத்தான் நீக்கும். வருடக்கணக்கில் உட்கார்ந்த பழக்கத்தை நீக்காது. அசையாதிருந்தால் தொடைத் தசைகள் மெலியும். முதல் வாரங்களில் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம்.

ஆரம்பத்தில் தாழ்ந்த ஆசனத்தில் இருப்பது, கால்மேல் கால் போடுவது, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது ஆகியவற்றைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அதனால் கதிரையில் தொழலாம். எப்போது ஸுஜூது செய்யலாம் என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். ஆனால் அது நடப்பதற்கான தடையல்ல.

இப்போது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உம்மா முற்றத்தில் நடக்கிறார். தேநீரையும் அவரே ஊற்றுகிறார். பெற்றோரை உட்கார வைத்திருப்பது மட்டும் பணிவிடையாகாது.