'மடை திறந்து' பாட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் யார்?

எங்க பெரம்பூர் பக்கம் ஆடி மாசக் கோயில் கச்சேரிகளில் ஒண்ணு கவனிச்சிருக்கேன். பாடகர் பேரை மைக்கில் நாலு தடவை சொல்வாங்க. கீபோர்டுக்கும் கைத்தட்டல் கிடைக்கும். பின்னால் உட்கார்ந்து மூணு மணி நேரம் தாளத்தைச் சுமந்தவர் பேர் நன்றி சொல்ற அவசரத்தில் வந்து போகும். சில நாள் அதுவும் வராது. சினிமாப் பாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

1980-ல் வந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்தில் 'மடை திறந்து' பாட்டை யூடியூபில் போட்டுப் பாருங்க. டிரம்ஸ் வாசிக்கிற ஒருத்தர் வருவார். யாரோ துணை நடிகர்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அவர் புருஷோத்தமன். இளையராஜா குழுவின் நிஜ டிரம்மர், பல வருஷம் கூடவே இருந்தவர். 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில் அவர் காலமானபோதுதான் எனக்கு அந்த முகமும் பேரும் ஒண்ணு சேர்ந்தது. 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை வாசித்த சந்திரசேகர் இவருடைய சகோதரர். அந்த கிட்டாரை முணுமுணுக்காத ஆள் உண்டா? டிரம்ஸை யார் முணுமுணுப்பாங்க!

அந்த வேலையின் கஷ்டம் புரியணும்னா அன்றைய ஒலிப்பதிவை நினைச்சுப் பார்க்கணும். எழுபதுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிச்சுப் பதிவு செய்வாங்க. ஒருத்தர் பிசகினா எல்லாரும் முதல்லேர்ந்து. இப்போ மாதிரி தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்ட முடியாது. அதுக்கு மேல நம்ம பாட்டின் அமைப்பு வேற. பல பாட்டில் பல்லவி, சரணம் தபலா கையில் இருக்கும். இடையிசை வந்ததும் டிரம்ஸ் உள்ளே வரும், முடிஞ்சதும் ஒதுங்கிடும். மறுபடி நுழையும்போது வேகம் ஒரு இழை கூடினாலும் காட்டிக் கொடுத்துடும். மேற்கத்திய ராக் டிரம்மருக்குப் பாட்டு முழுக்க அவர் ராஜ்ஜியம். நம்ம ஆளுக்குச் சும்மா இருக்கவும் தெரியணும். சரியா செஞ்சா யாரும் கவனிக்கவே மாட்டாங்க, அதுதான் சிக்கல்.

புருஷோத்தமனுக்கு முன்னாடி எம்.எஸ்.வி. குழுவில் நோயல் கிராண்ட். தன்னைப் பாதிச்சவர்கள் என்று டிரம்ஸ் சிவமணி சொல்ற ரெண்டு பேர் அமெரிக்காவின் பில்லி கோபமும் இந்த நோயல் கிராண்டும்தான். பில்லி கோபமைத் தேடினால் பக்கம் பக்கமாக வருது. நோயல் கிராண்டைத் தேடிப் பாருங்க.

இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. 1963-ல் வந்த 'பி மை பேபி' பாட்டின் தொடக்க டிரம்ஸை எத்தனையோ பேர் காப்பி அடிச்சாங்க. அதை வாசித்த ஹால் பிளேன் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கிறவர். அவர் பேரும் வெளியே வர வருஷக்கணக்காச்சு.

இங்கே பழைய இசைத்தட்டுகளில் இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் பேர் இருக்கும். ரஹ்மான் வந்த பிறகுதான் கேசட் அட்டையில் வாசிச்சவங்க பேரும் ஒழுங்கா அச்சாச்சு. சிவமணியை வீட்டுக்கு வீடு தெரிஞ்சதுக்கு அவர் திறமையோட அந்தச் சின்ன எழுத்துகளும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். புருஷோத்தமன் வாசிச்ச காலத்துக் கேசட்டுகள் எங்க வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கு. எதிலும் அவர் பேர் இல்லை.