துயரம் திறக்கும் கதவு

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சமே பேயை உண்டாக்குகின்றது என்பது அதன் கருத்து. ஆயின், பேய் பிசாசுகளைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்களை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். அவற்றுள் சிறந்தனவற்றில் பேய் நாடிச் செல்வது அஞ்சியவனை அன்று, இழந்தவனையே. தாயை இழந்த மகள், தம்பியை இழந்த தமையன், காதலனை இழந்த நங்கை ஆகியோரின் வாசலிலேதான் அது வந்து நிற்கின்றது. அது கதவை உடைத்து நுழைவதில்லை. உள்ளே இருப்பவரே எழுந்து சென்று திறந்துவிடுகின்றனர்.

இக்கருத்துத் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902 இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' என்னும் சிறுகதையை மாணவர் பலர் அறிந்திருப்பர். மூன்று வரங்கள் தரவல்ல குரங்குப் பாதம் ஒன்று ஒரு குடும்பத்தாரின் கைக்கு வருகின்றது. அவர்கள் 200 பவுண் பணம் கேட்கின்றனர். மகன் தொழிற்சாலை இயந்திரத்திற் சிக்கி மாண்டதற்கு ஈடாக அப்பணம் வந்து சேர்கின்றது. ஆற்றாத தாய், மகன் மீண்டும் உயிர்பெற்று வரவேண்டுமெனக் கணவனைக் கொண்டு இரண்டாம் வரம் கேட்பிக்கின்றாள். இரவில் யாரோ கதவைத் தட்டுகின்றனர். தாழ்ப்பாளை நீக்கத் தாய் துடிக்கின்றாள். தந்தையோ மூன்றாம் வரத்தால் வந்ததைத் திருப்பி அனுப்புகின்றான். அன்று தட்டப்பட்ட கதவின் ஓசையே இன்றைய நாடகங்களிலும் கேட்கின்றது எனலாம்.

எரிக் கிறிப்கி என்பார் படைத்த 'சுப்பர்நச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2020 வரை 15 பருவங்களாக, 327 பகுதிகளாக ஒளிபரப்பான நெடிய நாடகம் அது. தீய ஆவிகளை வேட்டையாடும் டீன், சாம் என்னும் இரு சகோதரரே அதன் தலைவர்கள். 1983 இல் அவர்களுடைய தாய் மேரியை அசாசெல் என்னும் பிசாசு கொன்றதிலிருந்து கதை தொடங்குகின்றது. அப்பிசாசு அவ்வீட்டுக்குள் எவ்வாறு நுழைந்தது? நான்காம் பருவத்திலேயே இதற்கு விடை கிடைக்கின்றது. 1973 இல் அசாசெல் மேரியின் பெற்றோரைக் கொன்று, அவள் காதலன் ஜோனையும் கொன்றுவிடுகின்றது. பிணத்தை மடியிற் கிடத்தி அழும் அந்த இளம் பெண்ணிடம் அது உயிரையோ ஆன்மாவையோ கேட்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அவள் வீட்டுக்குள் வருவதற்கு அனுமதி மட்டுமே கேட்கின்றது. அவள் இசைகின்றாள், ஜோன் உயிர் பெறுகின்றான். பத்து ஆண்டுகள் சென்றபின் அவள் திறந்துவிட்ட கதவு வழியே அவளுடைய மரணமே உள்ளே வருகின்றது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. மூத்த மகன் டீன் சாகக் கிடக்கும்போது, தந்தை ஜோன் அதே பிசாசுக்குத் தன் ஆன்மாவை விலையாகக் கொடுத்து மகனை மீட்கின்றான். பின்னர்த் தம்பி சாம் கொல்லப்பட, டீன் நள்ளிரவில் நாற்சந்திக்குச் சென்று தன் ஆன்மாவை விற்கின்றான். ஏனையோருக்குப் பத்து ஆண்டுத் தவணை. இவனுக்குக் கிடைத்ததோ ஓராண்டு. அதற்கும் அவன் இசைகின்றான். ஓராண்டின்பின் டீன் மாண்டு நரகஞ் செல்ல, தனித்து நின்ற சாமிடம் ரூபி என்னும் பிசாசு நட்புக் கொண்டாடி வருகின்றது. தமையனைக் கொன்றவளைப் பழிவாங்கலாம் என்று கூறி, தன் குருதியையே குடிக்கப் பழக்கி, ஈற்றில் நரகவேந்தனின் சிறையையே அவன் கையாற் திறக்கச் செய்கின்றது. ஒருவர் துயரைத் தீர்க்கச் செய்த பேரம் மற்றொருவர்க்குத் துயராகின்றது. கடன் தீரவில்லை, கைமாறியது, அவ்வளவே.

இவர்கள் அறியாதவர்களா? இதுதான் நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய இடம். 2006 இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், நோயுற்ற மனைவியைக் காக்க ஆன்மாவை விற்ற ஒருவனை டீன் கடிந்துகொள்கின்றான். இது அவளுக்காகச் செய்ததன்று; அவளின்றி வாழ நீ அஞ்சியமையால் உனக்காகச் செய்தது; இனி நீ இல்லாமல் அவளல்லவா வாழவேண்டும் என்பது அவன் கண்டனத்தின் சாரம். அவ்வாறு பிறர்க்கு உரைத்தவனே மறு ஆண்டு அதே நாற்சந்தியில் நிற்கின்றான். துயரம் அறிவை அழிப்பதில்லை, அறிவைப் பயனற்றதாக்கிவிடுகின்றது. பாரதத்திலே வில்லுக்கு அஞ்சாத துரோணர், அசுவத்தாமன் இறந்தான் என்ற சொல்லுக்கன்றோ படைக்கலத்தைக் கீழே வைத்தார்!

துயரம் எவ்வாறு இதனைச் செய்கின்றது? இழப்புற்றவருக்கு நாளை என்பது மதிப்பிழந்து போகின்றது. இன்றைய வேதனை தணியுமாயின், பத்து ஆண்டுகளுக்குப் பின் வரும் விலை அவர் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அத்துடன், "நான் காத்திருக்க வேண்டும்" என்ற குற்றவுணர்ச்சி அவரை வருத்துகின்றது. தம்பியைக் காப்பதே தன் கடமையென்று சிறுவயது முதல் வளர்க்கப்பட்டவன் டீன். தன்னை அழிப்பதே தகுந்த தண்டனை என்று கருதுபவனிடம் பிசாசு பேரம் பேசுதல் எளிதன்றோ?

எனினும், திறக்கத் துணிந்த கதவை மூடியவரும் உளர். 'பஃபி' என்னும் தொடரில், 2001 இல் ஒளிபரப்பான ஒரு பகுதி. தாயை இழந்த சிறுமி டோன், மந்திரத்தால் அவளை மீட்க முயல்கின்றாள். தாயின் நிழற்படத்தை அழித்தால் மந்திரம் முறியும். தமக்கை பஃபி இதனைத் தடுக்க வருகின்றாள், வாய்ச்சண்டை மூள்கின்றது. அதுவரை கல்லாய் நின்ற தமக்கை உடைந்து அழும்போதே, அவளுக்கும் தன்னைப்போன்ற துயரம் உண்டென்பதைத் தங்கை காண்கின்றாள். அவ்வேளை கதவு தட்டப்படுகின்றது. தடுக்க வந்த தமக்கையே "அம்மா" என்று வாசலுக்கு ஓடுகின்றாள்! தங்கையோ படத்தைக் கிழிக்கின்றாள். கதவு திறக்கும்போது வெளியே எவரும் இல்லை. இருவரும் கட்டித் தழுவி அழுகின்றனர். அவர்களைக் காத்தது மந்திரமுமன்று, வீரமுமன்று. ஒருவர் துயரை மற்றவர் கண்டமையே.

இதனை மனத்திற் கொண்டு டீனிடம் மீண்டும் வருவோம். தம்பியின் உடலருகே அவன் அமர்ந்திருக்கையில், முதிய நண்பர் பொபி உணவு கொண்டுவருகின்றார். உண்ணும்படி வற்புறுத்துகின்றார், உடலை அடக்கஞ் செய்வோம் என்கின்றார். டீன் சினந்து அவரை வெளியே அனுப்பிவிடுகின்றான். அவர் போனபின்னரே அவன் நாற்சந்திக்குப் புறப்படுகின்றான். பிசாசு அவனை வென்றது நாற்சந்தியிலன்று. அவன் தனித்துவிடப்பட்ட அவ்வறையிலேதான்.

பிசாசு கற்பனையாகலாம், அவ்வறை கற்பனையன்று. சாவு நிகழ்ந்த வீட்டிலே சொல்வதற்குச் சொல் கிடைக்காமல் நாம் திகைக்கின்றோம். "எனக்கு ஒன்றும் வேண்டாம், போங்கள்" என்று கேட்டதும் திரும்பிவிடுகின்றோம். போகச் சொன்னாலும் திண்ணையில் சற்று அமர்ந்திருப்போம். மறுநாளும் சோற்றுப் பாத்திரத்துடன் செல்வோம். கூட்டம் கலைந்த பின்னரும் செல்வோம். துயருற்றவரின் கதவை வேறெதுவும் தட்டுமுன்னர், நாம் தட்டுதல் வேண்டும்.