ஒரே வினா, இரு விடைகள்

புது தில்லி: "அண்மைக் காலமாக அடிக்கடி கவலைப்படுவது உண்டா?" ஆட்டிசம் உள்ள பதினைந்து வயது மகனைப் பற்றி இவ்வாறு கேட்டால், தாய் "ஆம்" எனலாம். மகனோ "இல்லை" என்பான், அல்லது "அடிக்கடி என்றால் எத்தனை முறை?" என்று திருப்பிக் கேட்பான். மருத்துவர் எதைக் குறித்துக்கொள்வது?

இம்முரண் ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக் குழுவினர் 1987-ல் 119 ஆய்வுகளைத் தொகுத்தனர். பிள்ளைகள் தம்மைப் பற்றிக் கூறியதும் பிறர் அவர்களைப் பற்றிக் கூறியதும் மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. முழுப் பொருத்தத்தை 1 எனக் கொண்டால் கிடைத்தது 0.22.

ஆட்டிசத்தில் இதற்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. பெற்றோர் காண்பது உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுப்பு, திடீர்ச் சினம் ஆகிய புற அடையாளங்களை. இளைஞருக்கோ நெஞ்சு படபடப்பது தெரியும். அதன் பெயர் அச்சம் என்பது தெரியாமல் போகலாம். உணர்ச்சியை இனங்காண இயலாத இந்நிலையை 'அலெக்சிதைமியா' என்பர். ஆட்டிசம் உள்ளோரிடம் இது மிகுதி. மறுபுறம், நாள் முழுதும் இயல்பாக இருப்பதுபோல் நடித்துக் களைப்பவரின் துயரத்தைப் பெற்றோரும் அறியாதிருக்கக்கூடும். ஆகவே ஒருவர் விடையைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் ஏற்பது எளிதே தவிர, சரியன்று.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-ல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாளில் பெற்றோருக்கும், 11 வயதைக் கடந்தோருக்கும் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. இந்தியாவில் 2009-ல் உருவாக்கப்பட்டு, ஊனச் சான்றிதழுக்குப் பயன்பட்டுவந்த 40 அம்ச ஆட்டிசம் அளவுகோலோ, நேரில் உற்றுநோக்குவதையும் பெற்றோரிடம் விசாரிப்பதையுமே பெரிதும் நம்புகிறது. ஊனத்தின் அளவை அறிய அது போதும். உள்ளத்தின் வாட்டத்தை அறிய?

பதினெட்டு வயதுக்குப் பிறகும் இக்கேள்வி தொடர்கிறது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ காப்பாளரை நியமிக்குமாறு பெற்றோர் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமோ, காப்பாளரும் மாற்றுத் திறனாளியும் பரஸ்பர நம்பிக்கையுடன் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. பேச இயலாதோரிடம் படங்களைக் காட்டியோ, எழுதச் செய்தோ விடை பெறுவதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில், வினா இன்னமும் தாயை நோக்கியே கேட்கப்படுகிறது. மகன் அருகில்தான் அமர்ந்திருக்கிறான்.